வாடகை பாக்கியும் நான் அனுப்பின கடிதமும்

ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. இந்த தடவை அந்த ஆணியைப் பத்தியே ஒரு பதிவு.

இப்ப இங்கிலாந்துல ஒரு கவுன்சிலுக்கு வாடகை வசூல் சாஃப்ட்வேர் பாத்துட்டு இருக்கேன். கவுன்சில் வீடுன்னா உள்ளாட்சியே வீட்டுக்காரர், வாடகை வெளி மார்க்கெட்டை விட கம்மி. யாராவது பாக்கி வச்சா திரையில சிவப்பு கலர் வரும், முதல் கடிதம் தானாப் போகும். அந்த 'தானா'வை எழுதின புண்ணியவான் அடியேன்தான்.

போன மாசம் வசூல் பிரிவு அம்மணி ஒருத்தங்க என் லிஸ்டைப் பாத்துட்டு, "இதுல நிறைய பேர் வச்சிருக்கறது பாக்கியே இல்லை, காத்திருப்பு"ன்னாங்க. புரியலை. உக்கார வச்சு பாடம் எடுத்தாங்க.

முன்னாடியெல்லாம் ஏழைக் குடித்தனக்காரருக்கான வீட்டு உதவித்தொகை நேரா வாடகைக் கணக்குக்கே போயிடுமாம். 2013ல யுனிவர்சல் கிரெடிட் வந்துச்சு. மாசத்துக்கு ஒரு தடவை, வாடகைக்கான பணமும் சேர்த்து, அவங்க கையிலயே குடுப்பாங்க. முதல் பணம் வர அஞ்சு வாரம். (2018 பிப்ரவரி வரைக்கும் ஆறு.) வாடகையோ பெரும்பாலும் திங்கட்கிழமை ஆனா டான்னு கணக்குல ஏறும். சேமிப்பு இல்லாதவர் என்ன செய்வார்? அட்வான்ஸ் கிடைக்கும், ஆனா அதுவும் பின்னாடி பிடிச்சுக்கற கடன்தான்.

இன்னொண்ணு கேளுங்க. வார வாடகையை 52ஆல பெருக்கி 12ஆல வகுத்துதான் அந்தப் பணத்தைக் கணக்குப் போடறாங்க. 2019-20லயும் 2024-25லயும் 53 திங்கட்கிழமை! ஒரு வார வாடகை அம்போ. ஆஃப்-பை-ஒன் எரர் மக்களே. நம்ம கோட்ல வந்தா டெஸ்டர் கிட்ட திட்டு வாங்குவோம். இங்க குடித்தனக்காரர் கடிதம் வாங்கறார்.

சரி, அப்ப பாக்கியை அப்படியே விட்டுடலாமா? கூடாது. இங்கிலாந்துல கவுன்சில் வீடுகளுக்குன்னு தனிக் கணக்கு. 1990லேர்ந்து ஊர் வரிப்பணத்தை எடுத்து அதுல கொட்ட முடியாது. ரிப்பேர் செலவு அந்த வாடகையிலேர்ந்துதான் வரணும். ஒருத்தர் கட்டாம விட்டா, பக்கத்து வீட்டு ஒழுகற கூரைதான் காத்திருக்கும். தவிர, நாலு வாரப் பாக்கியைத் தீர்க்கலாம், நாப்பது வாரப் பாக்கியை எப்படித் தீர்க்கறது?

என் கட்சி என்னன்னா, பாக்கின்னு ஒரே கலர் வேண்டாம். பணம் வந்து சேராதவர், கட்ட முடியாதவர், கட்ட மனசில்லாதவர்னு மூணு ரகம் இருக்கு. முதல் ரகத்துக்கு பொறுமை. ரெண்டாவதுக்கு ஒரு போன், வேற உதவி எதாவது கிடைக்குமான்னு பாத்து, தாங்கற அளவுக்கு தவணை. மூணாவதுக்குத்தான் கடிதம், கோர்ட் எல்லாம். கோர்ட்டுக்குப் போகறதுக்கு முன்னாடி பேசிப் பாக்கணும்னு நடைமுறை விதியே இருக்கு. பாக்கிக்காக ஒருத்தரைக் காலி பண்ண வைக்கறது நியாயமான்னு நீதிபதியும் பெரும்பாலும் பாத்துட்டுதான் உத்தரவு போடுவார்.

ரெண்டு மாசப் பாக்கி சேர்ந்தா, வாடகைப் பணத்தை நேரா கவுன்சிலுக்கே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். முழுகற வரைக்கும் ஏன் வேடிக்கை பாக்கணும்? வட அயர்லாந்துல பொதுவா நேராவே போகுது. ஸ்காட்லாந்துல குடித்தனக்காரரே கேட்டு வாங்கிக்கலாம். சம்பளக்காரர் மாதிரி இவங்களும் சொந்தமா பணத்தைக் கையாளப் பழகட்டும்ங்கறது அரசாங்க வாதம். நல்ல வாதம்தான். ஆனா எந்தச் சம்பளக்காரருக்கு முதல் நாளே பாக்கி விழுது? நேரா கட்டிடுங்கன்னு சொல்ற உரிமையும் பெரியவங்களுக்கு உண்டுதானே?

இவ்வளவு கோபம் ஏன்னு கேக்கறீங்களா? அந்த அம்மணி கடைசியா சொன்னதுதான். என் கடிதத்தைப் பாத்து பயந்த ஒரு அம்மா, அடுத்த வாரமே பணம் வரப்போகுதுன்னு தெரிஞ்சும், வட்டிக்கு வாங்கி பாக்கியைக் கட்டிட்டாங்களாம். தேடிப் பாத்தேன். என் ரிப்போர்ட்ல அவங்க பேர் பச்சையா மாறியிருந்துச்சு. 'வசூல் வெற்றி'.

குவெரில ஒரு கண்டிஷன் சேர்த்திருக்கேன். முதல் பணம் வர வேண்டிய தேதி தாண்டலைன்னா கடிதம் போகாது, அதிகாரிக்கு 'போன் பண்ணுங்க'ன்னு மட்டும் வரும். ஒரே ஒரு வரி. மேனேஜர் இன்னும் ஓகே சொல்லலை. வெள்ளிக்கிழமை மீட்டிங்.

பி.கு: மீட்டிங் என்னாச்சுன்னு அடுத்த பதிவுல சொல்றேன். அதுவரைக்கும் திட்டறதா இருந்தா பின்னூட்டத்துல திட்டுங்க :-)