ஐந்து நன்மைகளும் ஒரு கேள்வியும்

சென்ற தவணைப் பரீட்சைக்காக வீட்டு முற்றத்தில் இருந்து புவியியல் பாடத்தைச் சத்தமாக மனனம் செய்துகொண்டிருந்தேன். மகாவலித் திட்டத்தின் நன்மைகள் ஐந்து: ஒன்று, நீர்மின் உற்பத்தி. இரண்டு, வயல்களுக்கு நீர்ப்பாசனம். மூன்று, காணியற்ற குடும்பங்களுக்குக் காணி. நான்கு, வெள்ளக் கட்டுப்பாடு. ஐந்து, வேலைவாய்ப்பு.

பக்கத்தில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த உம்மம்மா சுளகை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"அந்தக் கொளங்களக் கட்டக்குள்ள அங்க இருந்த சனம் எல்லாம் எங்க மகள் போனது?"

"அது பாடத்துல இல்ல உம்மம்மா" என்றேன்.

"பாடத்துல இல்லாட்டி, சனமும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடியும் புடைக்கத் தொடங்கினார்.

பரீட்சையில் அந்த வினா வந்தது. ஐந்து நன்மைகளையும் எழுதி முழுப் புள்ளியும் பெற்றேன். ஆனால் உம்மம்மாவின் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அதைத் தேடி நான் அறிந்துகொண்டவற்றையும், அறிந்த பின் எனக்குத் தோன்றுவதையும் இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் சகோதரிகளோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மகாவலி எங்களுக்கு அந்நியமான ஆறு அல்ல. 335 கிலோமீற்றர் நீளமான, இலங்கையின் மிக நீண்ட இந்த ஆறு மத்திய மலைநாட்டில் பிறந்து, மூதூருக்கு அருகே கொட்டியாரக்குடாவில்தான் கடலோடு கலக்கிறது. அதன் கிளையான வெருகலாற்றின் நீர் மாவிலாற்று அணைக்கட்டினால் திருப்பப்பட்டு எங்கள் பகுதி வயல்களுக்கு வருகிறது. வாப்பா செய்யும் வேளாண்மையும், அந்த வருமானத்தில் வாங்கப்பட்ட என்னுடைய புத்தகங்களும் இந்த ஆற்றின் தயவுதான். ஆகவே மகாவலியைப் பற்றி எழுதும்போது நான் வேறு யாருடைய விடயத்திலோ தலையிடவில்லை.

இந்த ஆற்றைப் பயன்படுத்தும் பெருந்திட்டம் 1968இல் வரையப்பட்டது. முப்பது ஆண்டுகளில் படிப்படியாக முடிக்க நினைத்த வேலை, 1977இல் ஆட்சி மாறிய பின் ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்குச் சுருக்கப்பட்டது. அதனால்தான் அதற்குத் 'துரித' மகாவலித் திட்டம் என்று பெயர். 1979இல் மகாவலி அதிகார சபை அமைக்கப்பட்டது. வெளிநாடுகள் பணம் கொடுத்தன. பிரித்தானியாவின் உதவியோடு விக்டோரியா, சுவீடனின் உதவியோடு கொத்மலை, ஜேர்மனியின் உதவியோடு ரந்தெனிகல, கனடாவின் உதவியோடு மாதுரு ஓயா என்று அணைகள் எழுந்தன. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணைதான் இன்றும் இலங்கையின் மிக உயரமான அணை.

இந்த அணைகளின் பின்னால் நீர் தேங்கியபோது ஊர்கள் மூழ்கின. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. கொத்மலையில் கிராமங்களும், வயல்களும், விகாரைகளும் மூழ்கின. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அங்கே பழைய கடதொர விகாரையின் இடிபாடுகள் வெளியே தெரியும். ஒரு காலத்தில் அங்கு வணங்கியவர்கள் அதைப் பார்க்கப் போவார்கள் என்று வாசித்தபோது மனம் கனத்தது. பள்ளிவாசலைச் சுற்றி ஊர் வளர்ந்த எங்களுக்கு அந்த வேதனையை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் உம்மம்மாவின் கேள்விக்கு மிகவும் கசப்பான விடை மாதுரு ஓயாவில் இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள் இந்த நாட்டின் ஆதிக்குடிகளான வேடர்கள். தங்களை அவர்கள் 'வன்னியல எத்தோ', அதாவது காட்டு மக்கள், என்று அழைப்பார்கள். வேட்டை, தேன், கிழங்கு, சிறிய சேனைப் பயிர் ஆகியவைதான் அவர்களது வாழ்க்கை. 1950களில் கல்லோயாத் திட்டத்தில் சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பியபோதே வேடர்களின் வேட்டைக் காடுகளில் ஒரு பகுதி நீருக்குள் போய்விட்டது. மகாவலித் திட்டம் எஞ்சிய காட்டையும் தொட்டது. காட்டின் ஒரு பகுதி நீர்த்தேக்கங்களாகவும், இன்னொரு பகுதி குடியேற்றங்களாகவும் வயல்களாகவும் மாறியது. மீதமிருந்த காடு 1983 நவம்பரில் மாதுரு ஓயா தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. நீரேந்து பிரதேசத்தையும் வனவிலங்குகளையும் பாதுகாப்பதே அதன் நோக்கம்.

யானைக்கு இடம் வேண்டும் என்று யோசித்த திட்டம், அந்தக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மனிதருக்கு அங்கே இடமில்லை என்றது. வேடர் குடும்பங்கள் ஹேனானிகல போன்ற குடியேற்றக் கிராமங்களுக்கு மாற்றப்பட்டன. அதற்குப் பின் தங்கள் பழைய காட்டுக்குள் வேட்டையாடுவது சட்டப்படி குற்றமாகியது. நேற்றுவரை வாழ்வாதாரமாக இருந்தது இன்று களவு என்று ஆகிவிட்டது.

தம்பானையின் தலைவர் ஊருவரிகே திசாஹாமியும் சில குடும்பங்களும் மட்டும் போக மறுத்து அங்கேயே இருந்தார்கள். 1996இல் வேடர்களின் பிரதிநிதிகள் ஜெனீவா வரை சென்று, ஐக்கிய நாடுகள் சபையின் ஆதிக்குடிகளுக்கான செயற்குழுவின் முன் தங்கள் நிலையை எடுத்துச் சொன்னார்கள். திசாஹாமி 1998இல் காலமானார். அவருடைய மகன் வன்னில எத்தோ இன்றும் அதே கோரிக்கையைப் பேசி வருகிறார்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டில் ஒரு விவாதமே நடந்தது.

"அவங்களுக்குச் சும்மா போகச் சொல்லல்லயே மகள். காணி குடுத்துத்தானே அனுப்பின" என்றார் வாப்பா.

உண்மைதான். மகாவலிக் குடியேற்றக்காரருக்கு இரண்டரை ஏக்கர் வயலும், வீடும் தோட்டமும் செய்ய அரை ஏக்கரும் வழங்கப்பட்டன. காணியில்லாத ஒரு விவசாயிக்கு அது பெரிய கொடை. ஆனால் வேளாண்மை செய்து பழகாத ஒருவருக்கு? விதைநெல், உரம், மருந்து, கடன், தண்ணீர் முறை என்று இதெல்லாம் தெரிந்த வாப்பாவே ஒவ்வொரு போகத்திலும் கணக்குப் பார்த்துத் தலையில் கை வைப்பதை நான் கண்டிருக்கிறேன். நாளை யாராவது வந்து, "உங்கள் மூன்று ஏக்கர் வயலை எடுத்துக்கொள்கிறோம், அதற்குப் பதிலாக முந்நூறு ஏக்கர் காடு தருகிறோம், தேன் எடுத்துப் பிழைத்துக்கொள்ளுங்கள்" என்றால் வாப்பா என்ன செய்வார்? இதைக் கேட்டபோது அவர் சிரித்தார். பிறகு, "அதுவும் சரிதான்" என்றார்.

பெண்பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. குடியேற்றக் காணியின் உரிமம் குடும்பத் தலைவரின் பெயரில்தான் எழுதப்பட்டது. அவர் பெரும்பாலும் ஆண். காட்டில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உணவு தேடிய ஒரு சமூகத்தில், காகிதம் வந்த நாளில் பெண்ணின் பெயர் அதில் இல்லாமல் போனது.

உம்மம்மா ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. 2006 ஜூலையில் மாவிலாற்று மடை மூடப்பட்டது. அதைத் தொடர்ந்து யுத்தம் மூண்டது. ஆகஸ்டில் மூதூர், தோப்பூர் மக்கள் வீடு வாசலை விட்டுக் கந்தளாய்க்கு ஓடினார்கள். நான் அப்போது பிறக்கவில்லை. கைக்குழந்தைகளும் வயதானவர்களும் வெயிலில் நடந்த கதையை உம்மம்மா சொல்லும்போதெல்லாம், கடைசியில் ஒரே வசனத்தைத்தான் சொல்லுவார்: "திரும்பி வரக்குள்ள எங்கட கிணறு அங்கதான் இருந்திச்சு."

நாங்கள் திரும்பி வந்தோம். எல்லாம் உடைந்திருந்தாலும் கிணறு இருந்தது, மையவாடி இருந்தது, வயல் இருந்த இடத்தில் வயல் இருந்தது. மாதுரு ஓயாவிலிருந்தும் கொத்மலையிலிருந்தும் போனவர்களுக்குத் திரும்பி வர ஓர் இடம் இல்லை. இடம்பெயர்வின் வலியை அறிந்த ஊர் நாங்கள். அதனால் அவர்களுக்காகப் பேசும் கடமை மற்றவர்களைவிட எங்களுக்குக் கூடுதலாக இருக்கிறது.

இது இலங்கையில் மட்டும் நடந்ததல்ல. இந்தியாவில் நர்மதை ஆற்றின் குறுக்கே சர்தார் சரோவர் அணை கட்டப்பட்டபோது பெருந்தொகையான பழங்குடி மக்கள் தங்கள் கிராமங்களை இழந்தார்கள். மேதா பட்கர் போன்றோர் அம்மக்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் போராடினார்கள். அதன் விளைவாக உலக வங்கியே ஒரு சுயாதீன ஆய்வுக் குழுவை அமைத்தது. 1992இல் வெளியான அதன் அறிக்கை குடியமர்த்தல் ஏற்பாடுகளைக் கடுமையாகக் குறை கூறியது. அடுத்த ஆண்டு உலக வங்கியின் கடன் நின்றது. ஆனால் வேலை நிற்கவில்லை. 2017இல் அணை திறந்து வைக்கப்பட்டது.

2007 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஆதிக்குடிகளின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றியது. ஆதிக்குடிகளை அவர்களது சுதந்திரமான, முன்கூட்டியே பெறப்பட்ட, விளக்கமறிந்த சம்மதம் இல்லாமல் இடம்பெயர்க்கக் கூடாது என்பது அதன் பத்தாவது உறுப்புரையின் கருத்து. இலங்கை அதற்கு ஆதரவாக வாக்களித்தது. வாக்களித்ததை நடைமுறையில் காட்ட வேண்டும் என்று கேட்பது எங்கள் உரிமை.

"தண்ணி வராட்டி நமக்கும் சோறில்ல மகள். கொளம் கட்டினது பிழையெண்டு எழுதிப் போடாத" என்று வாப்பா எச்சரித்தார். நான் அப்படி எழுதவில்லை. இரவில் மின்விளக்கின் கீழிருந்துதான் இதை எழுதுகிறேன். அணை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஒரு பொருளை வாங்கினால் விலை கொடுக்க வேண்டும். எங்கள் வெளிச்சத்துக்கும் சோற்றுக்கும் உரிய விலையை வேறொருவர், அதுவும் நாட்டில் மிகக் குறைந்த பலமுள்ளவர்கள், கட்டியிருக்கிறார்கள். பிறருடைய ஹக்கைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவோம் என்று சிறுவயதிலிருந்தே படிக்கிறோம். அந்த ஹக்கு பக்கத்து வீட்டு வேலியோடு முடிந்துவிடாது.

இனி, எங்கள் ஊருக்கு மிக அருகில் உள்ள ஒரு விடயம். வேடர்கள் என்றால் தம்பானையில் மட்டும் இருப்பவர்கள் என்று நான் நினைத்திருந்தேன். தோப்பூருக்குக் கிழக்கே நல்லூர், பாட்டாளிபுரம் பக்கத்திலும், வெருகல், வாகரை கரையோரத்திலும் தமிழ் பேசும் வேடர் வழித்தோன்றல்கள் வாழ்கிறார்கள். 1911இல் செலிக்மன் தம்பதியர் வேடரைப் பற்றி எழுதிய ஆங்கில நூலிலேயே கிழக்குக் கரையோர வேடர் பற்றிய குறிப்புகள் உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து தேன் விற்க வருபவர்களிடம் எங்கள் வீட்டிலும் வாங்கியிருக்கிறோம். அவர்கள் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சென்ற வருடம் ஒரு பிரத்தியேக வகுப்பில், தலை கலைந்து வந்த தோழியைப் பார்த்து, "என்ன, வேடச்சி மாதிரி வந்திரிக்காய்?" என்று கேட்டவள் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். பின்வாங்கிலிருந்த ஒரு பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அடுத்த மாதம் அவள் வகுப்புக்கு வரவில்லை. அதற்குக் காரணம் என்னவென்று எனக்குத் தெரியாது. என் வார்த்தை காரணமாக இருக்கக்கூடாது என்று மட்டும் விரும்புகிறேன்.

காணியை எடுப்பதற்கு முன் ஒரு சமூகத்தின் மரியாதையை எடுத்துவிடுகிறார்கள். "அவர்கள் நாகரிகமற்றவர்கள், அவர்களுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிப் பழகிய பிறகு, அவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வருவதில்லை. அந்தப் பழக்கத்தை அதிகாரிகள் மட்டும் உண்டாக்கவில்லை. வகுப்பறையில் நாங்களும் உண்டாக்குகிறோம்.

என் வேண்டுகோள்கள் மூன்று. பாடநூலில் மகாவலியின் ஐந்து நன்மைகளோடு, அதற்காக இடம்பெயர்ந்தவர்களின் வரலாறும் ஒரு பக்கமாவது சேர்க்கப்பட வேண்டும். இனி எந்த நீர்த்தேக்கமோ பூங்காவோ வந்தாலும், அங்கே வாழ்பவர்களிடம், ஆண்களிடமும் பெண்களிடமும், அவர்களுடைய மொழியில் முதலில் கேட்கப்பட வேண்டும். மூன்றாவது எங்களுடையது: 'வேடன்', 'வேடச்சி' என்ற சொற்களை ஏச்சாகப் பயன்படுத்துவதை இன்றோடு நிறுத்துவோம். பெற்றோரும் வீட்டில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து உம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளையத் தேடிப் பாத்தியா?" என்றார்.

இல்லை என்றேன். இந்தக் கேள்விக்கும் விடை பாடநூலில் இல்லை. அடுத்த சனிக்கிழமை அவளைத் தெரிந்த ஒரு தோழியோடு போய்த் தேடிப் பார்ப்பதாக உம்மம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.