வரிசைகள் எத்தனை வேண்டும்?

சீனத் தற்காப்புக் கலையில் ஒருவர் தேர்ந்தவர் என்பதை எதைக்கொண்டு அளப்பது? அவர் அறிந்த வரிசைகளின் எண்ணிக்கையைக்கொண்டு அளப்போர் பலர். நாற்பது வரிசைகள் பயின்றவர் நான்கு பயின்றவரினும் பத்து மடங்கு மேலானவர் என்னும் எண்ணம் ஆசிரியரிடத்தும் மாணாக்கரிடத்தும் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் பிழையானது, கலைக்கே கேடு பயப்பது.

வரிசை என்பது யாது? அடி, தடுப்பு, நிலை, நகர்வு ஆகியவற்றை ஓர் ஒழுங்கில் கோத்து, எதிராளியின்றித் தனித்துப் பயிலுமாறு அமைத்த கோவையே வரிசை. சீனர் இதனைத் ‘தாவோலு’ என்பர். தமிழரின் குத்துவரிசையை அறிந்தோர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஆசான் தாம் அறிந்ததை மாணாக்கன் உடலில் எழுதிவைக்கும் ஏடு அது. ஏட்டின் பயன் அதன் பொருளுணர்வதில் உள்ளது. ஏடுகளை அடுக்கிவைப்பதில் இல்லை.

விங் சுன் மரபில் வெறுங்கை வரிசைகள் மூன்றே: சியூ நிம் தாவ், சம் கியூ, பியூ ஜீ. முதலாவது, கால் பெயர்க்காது நின்று கைகளின் அமைப்பைப் பழக்குகிறது. இரண்டாவது, உடலைத் திருப்பவும் அடியெடுத்து எதிராளியை அணுகவும் கற்பிக்கிறது. மூன்றாவது, நிலைகுலைந்த வேளையில் மீளும் வழி காட்டுகிறது. மரப்பொம்மைப் பயிற்சியும், நீள்கோல், இரட்டைக் கத்தி ஆகிய படைக்கலங்களும் சேர, பாடத்திட்டம் முற்றுப்பெறுகிறது. ஒவ்வொன்றும் முன்னது கற்பிக்காத ஒன்றைக் கற்பிப்பதைக் காண்க.

ஷாங்காயில் 1910இல் தோன்றிய சின் வூ சங்கமோ பல மரபுகளின் ஆசான்களை ஒருங்கே பெற்றிருந்தது. எனினும் மாணாக்கர்க்குப் பொது அடிப்படையாக அது வகுத்தவை பத்து வரிசைகளே. மிங் பேரரசின் தளபதி சீ ஜிகுவாங், 16ஆம் நூற்றாண்டில் இயற்றிய படைப்பயிற்சி நூலில், பல மரபுகளினின்றும் தெரிந்தெடுத்த கைப்போர் நிலைகள் 32. கண்ணுக்கு அழகாயிருந்து களத்தில் உதவாத ஆட்டத்தை அவர் கடிந்து ஒதுக்கினார்.

மறுப்போர் கூறுவது ஒன்றுண்டு. சான் ஹியூங் 1836இல் நிறுவிய சாய் லி ஃபட் மரபில் நூற்றுக்கும் மேற்பட்ட வரிசைகள் உள்ளனவே. அவற்றைக் குறைப்பது முன்னோர் செல்வத்தை அழிப்பதாகாதோ என்பர். இவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. வழக்கொழிந்த வரிசையை எவரும் மீட்டுத்தர இயலாது. ஆயினும் மரபைக் காப்பது வேறு. மாணாக்கனைப் பயிற்றுவது வேறு. நூலகத்தில் ஆயிரம் நூல்கள் இருத்தல் வேண்டும். அவை அத்தனையையும் மாணாக்கனின் பையில் திணிப்பவர் ஆசிரியராகார். அனைத்தையும் காக்கும் கடமை மரபின் மூத்தோர் சிலர்க்கு உரியது.

வரிசைகள் பெருகுவதன் உண்மைக் காரணம் வேறு. புதிய வரிசை ஒன்றைக் காட்டிக்கொடுப்பது எளிது. பழைய வரிசையில் உள்ள பிழையைத் திருத்துவது அரிது. புதுமை மாணாக்கனை மகிழ்விக்கும். திருத்தம் அவனைச் சலிப்பிக்கும். சலித்தவன் விலகுவான், கட்டணமும் நின்றுபோகும் என அஞ்சும் ஆசான் அடுத்த வரிசையைத் தொடங்கிவிடுகிறார். பத்தாண்டு கழிந்தபின், எதிராளி ஒருவன் கையைப் பற்றினால் விடுவிக்கத் தெரியாத ‘தேர்ந்தவர்’ உருவாகிறார். இழப்பு யாருக்கு? மாணாக்கனின் இளமைக்கும் கலையின் பெயருக்குமே.

ஆகவே எத்தனை வேண்டும்? அடித்தளத்திற்கு ஒன்று, நகர்வுக்கு ஒன்று, முதிர்ந்த நுட்பத்திற்கு ஒன்று, இருவர் இணைந்து பயில ஒன்று, படைக்கலத்திற்கு ஒன்று, ஐந்து அமையும். ஆறாவதைச் சேர்க்க விழையும் ஆசான், முந்தைய ஐந்தும் கற்பிக்காத எதனை இது கற்பிக்கும் என்னும் வினாவிற்கு விடை கூறட்டும். விடையுண்டேல் சேர்க்க, இல்லையேல் விடுக்க. ஒவ்வொரு வரிசையின் ஒவ்வோர் அசைவையும் எதிராளியோடு பொருதிச் சோதிப்பதும் இன்றியமையாதது. அச்சோதனை இல்லையெனில் ஐந்தும் மிகையே.