ஃபிலடெல்ஃபியா கைவிட்ட சதுக்கம்

2000-ஆம் ஆண்டில் ஃபிலடெல்ஃபியா நகர்மன்றம் பொதுச் சொத்துகளின் மேல் ஸ்கேட்போர்டு ஓட்டுவதைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே அதே நகரம் சாகச விளையாட்டுகளுக்கான எக்ஸ் கேம்ஸ் போட்டியை மேளதாளத்தோடு வரவேற்றது. 2002-இலும் போட்டி அங்கேயே நடந்தது. அரங்குக்குள் பலகைமேல் பறந்தவனுக்குப் பதக்கம். வெளியே, நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் அதையே செய்தவனுக்கு அபராதச் சீட்டு. இந்த முரண்பாட்டுக்குக் கால் நூற்றாண்டு வயதாகிவிட்டது. இளைஞர்கள் தாமாக உண்டாக்கிய ஒரு பண்பாட்டை நகரம் எப்படி நடத்த வேண்டும், எப்படி நடத்தக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

அபராதம் விதிக்கப்பட்ட இடத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் ஜான் எஃப். கென்னடி பிளாசா. ஊரார் அதை லவ் பார்க் என்பார்கள். 1976-இல், அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு விழாவுக்காக ராபர்ட் இண்டியானாவின் ‘லவ்’ சிற்பம் அங்கே வைக்கப்பட்டதால் வந்த பெயர். சதுக்கம் அதற்கும் பத்தாண்டு மூத்தது. நகரத் திட்டக் குழுவை 1949 முதல் 1970 வரை நடத்திய எட்மண்ட் பேக்கன், கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே தம் ஆய்வேட்டில் நகர மையத்துக்கு வரைந்த கனவின் ஒரு பகுதி அது. கட்டடக் கலைஞர் வின்சென்ட் கிளிங்கோடு சேர்ந்து 1965-இல் அதை நிறைவேற்றினார். அடியில் கார் நிறுத்தும் தளம். அதன் கூரைமேல் கிரானைட் பாவிய தரை, தாழ்வான கல் இருக்கைகள், அகலமான படிகள், நடுவே வட்ட நீரூற்று. மதிய இடைவேளையில் அலுவலக ஊழியர்கள் வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது திட்டம். அவர்களும் வந்தார்கள். ஆனால் மாலை ஐந்து மணிக்கு மேல் அவர்கள் புறநகருக்குப் போய்விடுவார்கள். பிறகு சதுக்கத்தில் மிஞ்சியது கல்லும், போக இடமில்லாதவர்களும்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பத்தாண்டுகளில் மேற்குலக நகரங்கள் பலவும் இப்படிப்பட்ட சதுக்கங்களைக் கட்டின. பழைய தெருக்களை இடித்து, அகன்ற கல்வெளிகளை உண்டாக்கி, அங்கே குடிமக்கள் கூடுவார்கள் என்று நம்பின. கூடியவர்கள் திட்டமிட்டவர்கள் எதிர்பாராத ஆட்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் எம்பார்காடெரோ, வாஷிங்டனின் புலாஸ்கி, லண்டன் சவுத்பேங்க் கலையரங்கின் அடித்தளம், 1995-இல் திறந்த பார்சலோனாவின் நவீனக் கலை அருங்காட்சியக முற்றம் ஆகிய எல்லா இடங்களுக்கும் உலகெங்கும் பெயர் வாங்கித் தந்தவர்கள் ஸ்கேட்டர்களே.

பலகையும் இந்தச் சதுக்கங்களுக்கு வந்து சேரச் சிறிது காலம் பிடித்தது. 1950-களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் அலை இல்லாத நாட்களில் சர்ஃபிங் இளைஞர்கள் கையில் எடுத்த விளையாட்டு இது. களிமண் சக்கரங்கள் சிறு கல் பட்டாலே நின்றுவிடும், ஓட்டுபவன் முகம் குப்புற விழுவான். 1965-இல் எழுந்த மோகம் அதே வேகத்தில் அடங்கியது. 1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி யூரிதேன் சக்கரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் பலகை தரையைப் பற்றிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் நடுவில் கலிஃபோர்னியாவில் பெரும் வறட்சி. வீட்டு நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. அந்த வளைந்த சுவர்களில் இளைஞர்கள் ஏறினார்கள். உடனே வியாபாரிகள் நாடெங்கும் கட்டண ஸ்கேட் பார்க்குகளைக் கட்டினார்கள். விபத்து வழக்குகளும் காப்பீட்டுக் கட்டணமும் ஏற ஏற, 1980 வாக்கில் அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன.

இடம் போனதும் விளையாட்டு தெருவுக்கு வந்தது. அதற்கான உத்தி தயாராக இருந்தது. ஃபுளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் கையால் பிடிக்காமலே பலகையோடு எழும்பும் ‘ஆலி’யைக் கண்டுபிடித்திருந்தார், ராட்னி மல்லன் 1980-களின் தொடக்கத்தில் அதைச் சமதரையில் செய்யும்படி மாற்றினார். அதன் பிறகு படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, பெஞ்சின் விளிம்பு எல்லாமே ஆடுகளம். கட்டணம் இல்லை, நுழைவாயில் இல்லை, பயிற்சியாளர் இல்லை. லவ் பார்க்கின் திண்ணை போன்ற கல் இருக்கைகள் இதற்கென்றே வெட்டி வைத்தவைபோல் அமைந்திருந்தன. விளிம்பில் மெழுகு தேய்த்தால் பலகை வழுக்கிக்கொண்டு போகும். தளர்ந்த கிரானைட் பலகை ஒன்றை ஒரு பக்கம் தூக்கி முட்டுக் கொடுத்தால் அதுவே ஏறுதளம்; குப்பைத் தொட்டியைத் தாண்டலாம். நீரூற்றில் தண்ணீர் இல்லாத நாட்களில் படிகளின் மேலிருந்து அந்தக் குழிக்குள் பாய்வது துணிச்சலுக்கு அளவுகோல் ஆயிற்று.

இந்த விளையாட்டுக்கு அணி கிடையாது, நடுவர் கிடையாது. ஊரை ஊரோடு பிணைத்தது பாட்டும் பயணமும்தான். 1981-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘திராஷர்’ பத்திரிகை, பங்க் இசையையும் ஸ்கேட்போர்டையும் ஒரே பக்கத்தில் வைத்தது. 1983 முதல் ‘ஸ்கேட் ராக்’ என்று ஒலிநாடாக்களை வெளியிட்டது. பங்க் இசைக்குழுக்கள் பழைய வேனில் ஊர் ஊராகப் போய், கிடைத்த வீட்டின் தரையில் படுத்துறங்கிய அதே முறையை ஸ்கேட்டர்களும் கைக்கொண்டார்கள். எந்த ஊருக்குப் போனாலும் ஸ்கேட் கடை வாசலில் பலகையோடு நின்றால் போதும். இரவு தங்க இடமும் மறுநாள் வழிகாட்ட ஆளும் கிடைத்துவிடும்.

பிறகு வி.எச்.எஸ். நாடா வந்தது. ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் சில நிமிடப் பகுதி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பாட்டு; பல சமயம் உரிமை வாங்காமலே சேர்த்த பாட்டு. ஒரு தலைமுறை தன் பெற்றோர் காலத்து இசையைக்கூட இந்த நாடாக்கள் வழியாகத்தான் கேட்டது. 1991-இல் வந்த ‘வீடியோ டேஸ்’ படத்தில் மார்க் கொன்சாலஸின் பகுதிக்கு இயக்குநர் ஸ்பைக் ஜோன்ஸ் அமைத்த பின்னணி ஜான் கோல்ட்ரேனின் ஜாஸ். கோல்ட்ரேன் 1943-இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து அங்கேயே தம் இசையைப் பழுக்க வைத்தவர். 1952-இல் அவர் வாங்கிய வீடு இன்று தேசிய வரலாற்றுச் சின்னம். அந்த நகரில் வளர்ந்த இசை, கலிஃபோர்னியப் பையன்களின் நாடாவில் ஏறி, மீண்டும் ஃபிலடெல்ஃபியாவின் ஸ்கேட் கடைத் தொலைக்காட்சிகளுக்கே வந்து சேர்ந்தது. 1990-களில் கிழக்குக் கரையின் காதில் ஹிப்-ஹாப் ஒலித்தது. நியூயார்க்கின் ‘சூ யார்க்’ நிறுவனம் அப்பத்தாண்டின் இறுதியில் வெளியிட்ட ‘மிக்ஸ்டேப்’ படம், கொலம்பியா பல்கலைக்கழக வானொலியில் ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங்கும் பாபிட்டோவும் நடத்திய நள்ளிரவு நிகழ்ச்சியின் ராப் பாடல்களோடு ஓட்டக் காட்சிகளைப் பின்னியது.

ஃபிலடெல்ஃபியா இதில் தனக்கென ஒரு நடை வைத்திருந்தது. டான் வுல்ஃப் 1996-இல் எடுத்த ‘ஈஸ்டர்ன் எக்ஸ்போஷர் 3’ படத்தில் ஸ்கேட்டர் ரிக்கி ஒயோலா நிற்காமல் ஓடுவார். நடைமேடை, சாலை, கார்களின் இடைவெளி, மறுபடி நடைமேடை. ஒற்றைச் சாகசத்தைவிட நகரத்தின் ஊடாகப் போகும் அந்தத் தொடர் ஓட்டமே பெரிதாகத் தெரிந்தது. ஸ்டீவி வில்லியம்ஸ் அந்த நகரில் வளர்ந்த கறுப்பினச் சிறுவர். பதின்ம வயதிலேயே மேற்குக் கரைக்குப் போய்த் திரும்பி, லவ் பார்க்கில் பெயர் எடுத்து, 2002-இல் டி.ஜி.கே. என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். மிச்சிகனைச் சேர்ந்த ஜோஷ் கேலிஸ் அந்தக் கல்லுக்காகவே ஃபிலடெல்ஃபியாவில் குடியேறினார். நகரின் தென்கோடியில், ஐ-95 நெடுஞ்சாலை மேம்பாலத்தின் அடியில், மாநகராட்சி 1990-களில் ஸ்கேட்டர்களுக்கென ஒப்புக்கு வைத்துக் கொடுத்த சில தடைகளை ஒதுக்கிவிட்டு இன்னொரு கூட்டம் தானே சிமென்ட் குழைத்து எஃப்.டி.ஆர். பார்க்கைக் கட்டியது. அங்கே பங்க் இசை, மேடு பள்ளம், முழங்கால் காப்பு. லவ் பார்க்கில் ஹிப்-ஹாப், கல் விளிம்பு, வெள்ளைக் காலணி. ஒரே ஊருக்குள் இரண்டு பள்ளிகள். 2000-இல் வந்த ‘டோனி ஹாக்ஸ் புரோ ஸ்கேட்டர் 2’ வீடியோ விளையாட்டில் ஃபிலடெல்ஃபியாவும் ஒரு களமாக இடம்பெற்றது. அமெரிக்காவை எட்டிப் பார்த்திராத சிறுவர்களும் லவ் பார்க்கின் எந்தப் படி எங்கே இருக்கிறது என்று சொல்லும் நிலை உண்டாயிற்று. எந்தச் சுற்றுலாத் துறையும் காசு கொடுத்து வாங்க முடியாத விளம்பரம் அது.

மாநகராட்சியின் தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதை ஒதுக்கிவிட முடியாது. கிரானைட் விளிம்புகள் உடைந்தன. மெழுகுக் கறை படிந்தது. வேகமாக வரும் பலகைக்கு முதியவர்கள் அஞ்சினார்கள். பொதுச் சொத்தைப் பழுதுபார்ப்பது வரிப்பணத்தில். ஆனால் அதற்கு 2002-இல் மேயர் ஜான் ஸ்ட்ரீட்டின் நிர்வாகம் கண்ட தீர்வு, பூங்காவை மூடி, கல் இருக்கைகளை எடுத்துவிட்டு மர பெஞ்சுகளையும் புல்திட்டுகளையும் வைத்துத் திறப்பது. அந்த அக்டோபரில் சதுக்கத்தைக் கனவு கண்ட எட்மண்ட் பேக்கனே எதிர்ப்புத் தெரிவிக்க வந்தார். வயது 92. தலைக்கவசம் அணிந்து, இருபுறமும் ஆட்கள் தாங்க, ஸ்கேட்போர்டில் ஏறித் தடையை மீறினார். தாம் எண்ணிப் பார்க்காத ஒரு பயனைத் தம் படைப்பில் கண்டெடுத்த பிள்ளைகளை அவர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். கட்டியவர் ஏற்றதை ஆண்டவர்கள் ஏற்கவில்லை.

பணம்தான் தடையா என்றால் அதுவும் இல்லை. 2004-இல் டி.சி. காலணி நிறுவனம் பராமரிப்புச் செலவுக்குப் பத்தாண்டுகளில் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. நகரம் மறுத்தது. சேதக் கணக்கைக் காட்டி விதித்த தடை, சேதத்துக்கு ஈடு தர ஒருவர் முன்வந்த பிறகும் நீடித்தது என்றால், உண்மையான ஆட்சேபம் கல்லைப் பற்றியது இல்லை. அங்கே யார் நிற்கிறார்கள் என்பதைப் பற்றியது. நகர மையத்தைச் சுற்றிச் சொத்து மதிப்பு ஏறத் தொடங்கிய காலம் அது. காசு செலவழிக்காமல் மணிக்கணக்கில் ஓரிடத்தில் நிற்கும் இளைஞன், அதிலும் கறுப்பின இளைஞன், புதிய கணக்கில் அடங்கவில்லை.

ஈடாக ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் நிதி திரட்டி, 2013-இல் ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் பெய்ன்ஸ் பார்க் என்ற ஸ்கேட் பார்க்கைத் திறந்தார்கள். சுமார் 45 லட்சம் டாலர் செலவில் அமைந்த நல்ல இடம். எனினும் அது ஊரின் ஓரம். லவ் பார்க் ஊரின் நடு. அலுவலகம் விட்டு வருபவரும், வீடற்றவரும், சுற்றுலாப் பயணியும், பள்ளிச் சிறுவனும் ஒரே கல்லில் உட்கார்ந்திருந்த கலப்பை ஒரு தனி மைதானம் தர முடியாது. 2016 பிப்ரவரியில், மறுகட்டுமானத்துக்காக எல்லாவற்றையும் இடிப்பதற்கு முன், புதிய மேயர் ஜிம் கென்னி சில நாட்களுக்குத் தடையை நீக்கினார். குளிரைப் பொருட்படுத்தாமல் பழைய ஆட்கள் வந்து கடைசியாக ஓட்டிவிட்டுப் போனார்கள். 2018-இல் திறந்த பூங்கா சமதளமானது, பசுமையானது. குறை சொல்ல ஏதும் இல்லாத, வேறு எந்த ஊரிலும் இருக்கக்கூடிய பூங்கா.

பழைய கிரானைட்டின் ஒரு பகுதி கப்பலேறி ஸ்வீடனின் மால்மோ நகருக்குப் போய்விட்டது. அந்த நகராட்சி ஸ்கேட்போர்டைத் தொல்லை என்று கருதாமல் நகரத் திட்டத்தின் ஒரு கூறாகவே எடுத்துக்கொண்டது. கப்பல் கட்டும் தொழில் நலிந்த துறைமுகத்தில் 2005-இல் ஸ்கேட் பார்க் கட்டியது. 2006 முதல் அங்கே ஸ்கேட்போர்டையும் பாடமாகக் கற்பிக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளி இயங்குகிறது. அண்மை ஆண்டுகளில் லவ் பார்க்கின் கற்களைக் கொண்டே அங்கு ஒரு சதுக்கம் அமைத்திருக்கிறார்கள். ஃபிலடெல்ஃபியா குப்பை என்று கழித்ததை மால்மோ மரபுச் செல்வம் என்று இறக்குமதி செய்தது. ஆனால் கல் வந்த அளவுக்கு அந்தக் கூட்டமும் அந்த நகரத்தின் ஓசையும் கப்பலில் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லண்டனில் கதை வேறு விதமாக முடிந்தது. சவுத்பேங்க் அரங்கின் அடித்தளத்தில் 1970-களிலிருந்து ஓட்டிவந்தவர்களை 2013-இல் அருகிலிருந்த பாலத்தின் அடிக்கு மாற்றிவிட்டு, அங்கே கடைகளும் உணவகங்களும் வைக்கத் திட்டம் போட்டார்கள். ‘லாங் லிவ் சவுத்பேங்க்’ இயக்கம் அங்கேயே மேசை போட்டு வழிப்போக்கர்களின் ஆதரவைத் திரட்டியது. திட்ட அனுமதிக்கு எதிராகப் பல்லாயிரம் ஆட்சேபங்கள் குவிந்தன. 2014-இல் கலையரங்க நிர்வாகம் பின்வாங்கி, அடித்தளத்தை ஸ்கேட்டர்களுக்கே விட்டுவைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2019-இல், நீண்ட காலம் அடைத்துக் கிடந்த ஒரு பகுதியையும் மீட்டுத் திறந்தார்கள். கலையரங்கத்தின் மேல்தளத்தில் இசைக்கச்சேரி, கீழ்த்தளத்தில் சக்கர ஓசை. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை.

2021-இல் டோக்கியோவில் ஸ்கேட்போர்டு ஒலிம்பிக் விளையாட்டாக அரங்கேறியது. பெண்கள் தெருப் பிரிவில் 13 வயது மோமிஜி நிஷியா தங்கம் வென்றார். அந்தப் பிரிவுக்காகக் கட்டப்பட்ட களத்தில் இருந்தவை படி, கைப்பிடி, கல் விளிம்பு. அதாவது நகரங்கள் விரட்டிய இடங்களின் நகல். நகலுக்குப் பதக்கம் கொடுக்கும் உலகம், மூலத்தைக் காப்பாற்றப் பெரும்பாலும் தவறிவிட்டது.

அறுபதாண்டுக்கும் மேலான வரலாற்றில் இந்த விளையாட்டின் சந்தை பல முறை சரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மீட்டெடுத்தவர்கள், காசு வராத காலத்திலும் அதே மூலையில் பலகையோடு நின்ற உள்ளூர்ப் பிள்ளைகள். பண்பாட்டைக் கட்டடம்போல் டெண்டர் விட்டு எழுப்ப முடியாது. அது எங்காவது தானாக வேர் பிடித்திருந்தால், நகரத்தின் வேலை உடைந்த விளிம்பைச் செப்பனிடுவதும், நடப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் நேரம் வகுத்துக் கொடுப்பதும்தான். லவ் பார்க்கை இடித்தது திட்டமிடலின் தோல்வி. அதை அழகுபடுத்தல் என்று அழைத்தது அதைவிடப் பெரிய பிழை. ஒரு பொது இடத்தைச் சீரமைக்க வரைபடம் விரிக்கும் எந்த நகராட்சியும், முதலில் ஒரு மாலை நேரத்தில் அங்கே போய், ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரட்டும்.