படக்கதை என்னும் முதற்படி

படக்கதை படிப்பது வீண்பொழுது என்பர் சிலர். அக்கருத்து ஏற்புடையதன்று.

புதுக்கோட்டைச் சீமையின் அரிமளத்தில் 1925ஆம் ஆண்டு பிறந்தவர் வி. கிருஷ்ணமூர்த்தி. இவர் 'கௌசிகன்' என்னும் பெயரில் பெரியோருக்குப் புதினங்கள் படைத்தார். சிறுவர்க்கு 'வாண்டுமாமா' ஆனார். 'கோகுலம்', 'பூந்தளிர்' இதழ்களில் பணியாற்றினார், 2014இல் மறைந்தார். புதினம் எழுதிய கையே படக்கதையும் எழுதியது. ஒரு கட்டத்திற்குள் சில வரிகளே அடங்கும். ஆதலால் சொற்களை எண்ணியெண்ணியே எழுதுதல் வேண்டும். அஃது எளிய பணியன்று.

விஷ்ராந்த்வாடியில் வளரும் தமிழ்ச்சிறுமி வீட்டில் தமிழ் பேசுகிறாள். தெருவில் மராத்தியும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் அவளைச் சூழ்கின்றன. ஊரிலிருந்து பாட்டி எழுதியனுப்பும் நான்கு வரிகளையும் அம்மாவே படித்துக்காட்ட வேண்டியுள்ளது. பக்கம் முழுதும் எழுத்தாக உள்ள நூல் அவளை மலைக்கச் செய்யும். படக்கதையிலோ படமே பொருளை உணர்த்துகிறது. உரையாடலை அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள்.

படத்தை மட்டும் பார்த்துப் பக்கத்தைப் புரட்டுவோரும் உளர் என்பது மெய்யே. வாய்விட்டுப் படித்தால் அக்குறை நீங்கும். இன்று படக்கதை படிப்பவள், நாளை பாட்டியின் வரிகளைத் தானே படிப்பாள். ஆகவே, படக்கதையைத் தமிழின் முதற்படியாகக் கொள்வதே நன்று.