அரைப் புள்ளி பெற்ற பெண்

பெண்களுக்கு உகந்த தொழில்கள் எவை என்று பேச்செழும்போது ஆசிரியப் பணியும் மருத்துவமும் செவிலியப் பணியும் முன்வந்து நிற்கின்றன. அண்மைக் காலமாகக் கணினித் துறையும் சேர்ந்துகொண்டது. கார்ப் பந்தயம் அந்த வரிசையில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டுமென்று நாங்களும் வாதாட வரவில்லை. ஆயினும், "பெண்களுக்கு அந்தத் திறமை கிடையாது, இருந்திருந்தால் இதற்குள் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஒரு பெண் வென்றிருக்க மாட்டாளா?" என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இதை எங்களால் ஏற்க இயலவில்லை.

அந்தப் பந்தயத்துக்குச் செல்லும் வழியைச் சற்றே பாருங்கள். ஏழெட்டு வயதில் 'கார்ட்' எனும் சிறு வண்டி. பதினைந்து வயதை ஒட்டி, சக்கரங்கள் நான்கும் வெளியே திறந்திருக்கும் ஒற்றை இருக்கை வண்டியான ஃபார்முலா ஃபோர். அதன்பின் வட்டார ஃபார்முலா, ஃபார்முலா த்ரீ, ஃபார்முலா டூ. மூன்று ஆண்டுப் பந்தயங்களில் 40 புள்ளிகள் சேர்த்தால்தான் 'சூப்பர் லைசென்ஸ்' எனும் உரிமம். இவ்வளவும் கடந்து வந்தால், 2026ஆம் ஆண்டில் உலகம் முழுவதற்குமாக இருக்கைகள் 22! கீழ்ப்படிகளில் ஓட்டுநருக்குச் சம்பளம் கிடைப்பது அரிது. பெரும்பாலும் அவரே அணிக்குப் பணம் கட்டி ஓட்டுகிறார். லூயிஸ் ஹாமில்டன் எட்டு வயதில் கார்ட் ஓட்டத் தொடங்கினார். அந்தச் செலவுக்காக அவர் தந்தை ஒரே சமயத்தில் பல வேலைகள் பார்த்தார். 2005இல் முதல் இந்தியராக ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் நம் கோவைக்காரர். அவருடைய தந்தையும் கார்ப் பந்தயங்களில் கலந்துகொண்டவரே.

எட்டு வயதுக் குழந்தை தானாகப் பந்தயத் தளத்தைத் தேடிப் போகாது. யாரேனும் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். அழைத்துச் செல்லப்படுவது பெரும்பாலும் மகன்தான். வாசலிலேயே நிறுத்தப்பட்டவளைப் பார்த்து, "நீ ஏன் பந்தியில் இல்லை?" என்று கேட்பது நியாயமாகுமா?

வாசலைத் தாண்டியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு இத்தாலி நாட்டு லெல்லா லொம்பார்தியின் வரலாறு ஒன்றே போதும். 1941இல் பிறந்த இவருடைய தந்தை இறைச்சிக் கடைக்காரர். கடைச் சரக்கை வேனில் ஏற்றிச் சென்று கொடுத்துவந்த மகள், சிறு பந்தயங்களில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, ஃபார்முலா ஒன்னை அடைந்தார். 1975 ஏப்ரல் 27 அன்று பார்சலோனாவின் மொன்ஜுயிக் பூங்காவில் நடந்த ஸ்பானியப் பந்தயத்தில் ஆறாவதாக வந்தார். ஆறாம் இடத்துக்கு அக்காலத்தில் ஒரு புள்ளி உண்டு. ஆனால் ஒரு வண்டி தடுப்பைத் தாண்டி விழுந்து, அங்கு நின்றோர் உயிரிழந்ததால், 75 சுற்றுகள் ஓட வேண்டிய பந்தயம் 29 சுற்றுகளோடு நிறுத்தப்பட்டது. எனவே எல்லோருக்கும் பாதிப் புள்ளிகளே. உலகப் பந்தய வரலாற்றில் ஒரு பெண் பெற்றது இன்றுவரை அந்த அரைப் புள்ளி மட்டும்தான்.

அந்த அரைப் புள்ளியைவிட எங்கள் மனத்தைத் தைத்த செய்தி வேறொன்று. தம் வண்டியின் பின்பகுதி வளைவுகளில் சரியாக நிற்கவில்லை என்று லொம்பார்தி முறையிட்டுக்கொண்டே இருந்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் அதே வண்டியைப் புகழ்பெற்ற ரோனி பீட்டர்சன் ஓட்டினார். அவரும் அதையே சொன்னார். அப்போதுதான் பிரித்துப் பார்த்தார்கள். பின்புறச் சட்டத்தில் விரிசல் இருந்தது! ஓட்டத் தெரியாதவள் என்று அதுவரை எண்ணியவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ?

அவருக்கு முன், 1958இல், இத்தாலியின் மரியா தெரேசா தெ ஃபிலிப்பிஸ் ஓட்டியிருந்தார். 1976 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் லொம்பார்தி ஓட்டியதே ஒரு பெண் கலந்துகொண்ட கடைசி ஃபார்முலா ஒன் உலகப் பந்தயம்.

உடல்வலிமை பற்றிய ஆட்சேபம் முற்றிலும் பொய்யன்று. வேகமாகப் பிரேக் பிடிக்கும்போது கழுத்து தாங்கும் பாரம் மிகுதி. அதிலும் ஃபார்முலா ஒன் வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்ப இயந்திர உதவி உண்டு. அதற்குக் கீழேயுள்ள த்ரீ, டூ வண்டிகளில் அது இல்லை. இளம்பெண் ஏற வேண்டிய படியிலேயே ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்பது விந்தைதான். பயிற்சியால் அந்த வலிமையைப் பெறலாம். ஆனால் பயிற்சிக்கும் பணம் வேண்டும். ஆபத்தையும் நாங்கள் மறைக்கவில்லை. மொன்ஜுயிக்கில் நடந்ததைப் படித்த எந்தத் தாயும் தயங்கத்தான் செய்வார். அந்தத் தயக்கம் மகனுக்கும் உரியதல்லவா என்பதே எங்கள் கேள்வி.

பெண்களுக்கென்று தனிப் பந்தயம் நடத்தினால் தீருமா? 2019இல் தொடங்கிய 'டபிள்யூ சீரிஸ்' ஓட்டுநர்களிடம் பணம் கேட்கவில்லை. இங்கிலாந்தின் ஜேமி சாட்விக் அதில் மூன்று முறை பட்டம் வென்றார். 2022இல் பணமின்றி அப்பந்தயம் பாதியில் நின்றுபோனது. சாட்விக்குக்கு ஃபார்முலா த்ரீயிலோ டூவிலோ இடம் அமையவில்லை; அமெரிக்கா சென்று, 2024இல் ரோடு அமெரிக்கா தளத்தில் ஆண்களோடு ஓட்டி வென்றார். 2023இல் தொடங்கிய 'எஃப் ஒன் அகாடமி'யில் செலவின் ஒரு பகுதியை அமைப்பாளரே ஏற்கிறார்கள். இதை வரவேற்கிறோம். ஆனால் இது நடுப்படிக்கு வந்துவிட்டவர்களுக்கான உதவி. முதற்படி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

சென்னையிலும் கோவையிலும் கார்ட் ஓட்டும் தளங்கள் உள்ளன. அடுத்த விடுமுறையில் தம்பியை அங்கே அழைத்துச் செல்லும் அப்பாமார்கள், அக்காளையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். வேடிக்கை பார்க்க அன்று, ஓட்டிப் பார்க்க.