5060 டிஐ-யா, 9060 எக்ஸ்டி-யா? ரூ.40 ஆயிரத்தை எடுத்து வைக்கும் முன் பெட்டியில் இந்த எண்ணைப் பாருங்க!

"அக்கா, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ எடுக்கவா, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி எடுக்கவா?"

ஆண்டிபட்டியில் இருந்து சித்தி மகன் போன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. சித்தி போட்ட சீட்டு இந்த மாதம் கைக்கு வருகிறது. அதில் 40 ஆயிரம் ரூபாய் அவனுக்கு. "இதுக்கு மேல ஒரு ரூபாய் கேட்கக் கூடாது" என்பது சித்தியின் கண்டிஷன்.

அவன் ஆன்லைனில் தேர்ந்தெடுத்து அனுப்பிய லிங்க்கைத் திறந்து பார்த்தேன். 5060 டிஐ, 8 ஜிபி. ஏன்டா இதுன்னு கேட்டால், "யூடியூப்ல எல்லாரும் 5060 டிஐ தான் ஃபாஸ்ட்டுன்னு சொல்றாங்கக்கா" என்றான். அவன் பார்த்த வீடியோவில் ஓடியது 16 ஜிபி கார்டு. அவன் வாங்கப் போனது 8 ஜிபி கார்டு. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்.

இந்தக் குழப்பம் அவனுக்கு மட்டும் வருவதில்லை. கேமிங் பிசி அசெம்பிள் செய்யும் பலரும் கம்பெனியைப் பார்க்கிறார்கள், நம்பரைப் பார்க்கிறார்கள், மெமரியைக் கவனிப்பதில்லை. இந்த இரண்டு கார்டுகளில் எது நமக்குச் சரி? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இரண்டு கார்டு, நான்கு விலை

என்விடியா நிறுவனத்தின் ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 2025 ஏப்ரல் 16-ம் தேதி விற்பனைக்கு வந்தது. ஏஎம்டி நிறுவனத்தின் ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 2025 ஜூன் 5-ம் தேதி வந்தது. இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகைகளில் கிடைக்கின்றன. அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட அறிமுக விலை இதுதான்:

9060 எக்ஸ்டி 8 ஜிபி - 299 டாலர்
9060 எக்ஸ்டி 16 ஜிபி - 349 டாலர்
5060 டிஐ 8 ஜிபி - 379 டாலர்
5060 டிஐ 16 ஜிபி - 429 டாலர்

டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்து, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால், இதே வரிசையில் சுமார் 30 ஆயிரம், 35 ஆயிரம், 38 ஆயிரம், 43 ஆயிரம் ரூபாய் வருகிறது. இது வெறும் கணக்குதான். இறக்குமதியாளர், டீலர், கடைக்காரர் என ஒவ்வொருவரின் லாபமும் சேரும். 2025 டிசம்பரில் டாலர் மதிப்பு 90 ரூபாயைத் தாண்டியது. அதனால் கடை விலை இதைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் கார்டுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும்.

இங்கதான் விஷயமே இருக்கு. 5060 டிஐ 8 ஜிபி கார்டின் அறிமுக விலை, 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டைவிட அதிகம். பாதி மெமரிக்கு சுமார் 3 ஆயிரம் ரூபாய் கூடுதல்! தம்பி எடுக்கப் போனது அந்தக் கார்டைத்தான்.

வேகத்தில் யார் முன்னால்?

16 ஜிபி கார்டுகளை மட்டும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால், சாதாரண கேமிங்கில் 5060 டிஐ கொஞ்சம் முன்னால் நிற்கிறது. பெரும்பாலான சோதனைகளில் சராசரி இடைவெளி பத்து சதவீதத்துக்குள்தான். ஒரு கேமில் 9060 எக்ஸ்டி நொடிக்கு 80 ஃப்ரேம் தந்தால், 5060 டிஐ 84, 85 தரும் என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு இது தெரிவதே கஷ்டம்.

ரே டிரேசிங், அதாவது வெளிச்சமும் நிழலும் நிஜம் போலத் தெரிய வைக்கும் வசதியை முழுமையாகப் போட்டு ஆடினால், என்விடியாவின் முன்னிலை கூடுகிறது. டிஎல்எஸ்எஸ் 4 என்ற அதன் தொழில்நுட்பமும் அதிக கேம்களில் வேலை செய்கிறது. ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் 4 தரத்தில் நெருங்கி வந்துவிட்டாலும், அது வேலை செய்யும் கேம்களின் பட்டியல் சின்னது.

ஆக, வேகம் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் 5060 டிஐ 16 ஜிபிக்குத்தான் முதல் இடம். ஆனால் அந்தச் சில சதவீத வேகத்துக்கு அறிமுக விலையில் 80 டாலர், அதாவது சுமார் 23 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறோம்.

8 ஜிபி-யில் என்ன பிரச்னை?

தறி வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். தறி எவ்வளவு வேகமாக ஓடினாலும், பக்கத்தில் நூல் தயாராக இருக்க வேண்டும். தீர்ந்துபோய் குடோனுக்கு ஓடினால், அதுவரை தறி நிற்கும். கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும் மெமரி, தறிக்குப் பக்கத்தில் வைத்த நூல். கம்ப்யூட்டரின் ரேம்தான் குடோன்.

கேமில் வரும் சுவர், மரம், முகம், துணி எல்லாவற்றின் படங்களும் கார்டின் மெமரியில்தான் உட்காருகின்றன. 8 ஜிபி நிரம்பிவிட்டால், மீதி ரேமுக்குப் போகும். அங்கிருந்து எடுத்து வர நேரமாகும். திரையில் திடீர் திடீரென்று திக்கும். சில கேம்களில் படங்கள் மங்கலாகத் தெரியும். இது சராசரி எஃப்பிஎஸ் எண்ணில் சரியாகத் தெரியாது, ஆடும்போதுதான் தெரியும்.

2023-ல் பிசி-க்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' கேமில்தான் இந்தப் பிரச்னை பெரிதாகப் பேசப்பட்டது. அடுத்து வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' ஆகியவை குறைந்தபட்சத் தேவையாகவே 8 ஜிபி கிராஃபிக்ஸ் மெமரியைக் கேட்கின்றன. இன்றைக்குப் புதிதாக வாங்கும் கார்டு, இந்த கேம்களுக்கு வாசற்படியிலேயே நிற்கிறது என்று அர்த்தம்.

அப்படியென்றால் 8 ஜிபி யாருக்குமே வேண்டாமா? அப்படியும் இல்லை. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 மாதிரி கேம்களை 1080பி மானிட்டரில் ஆடுபவருக்கு 8 ஜிபி தாராளமாகப் போதும். சொல்லப் போனால் அவருக்கு இந்த விலைக்குக் கார்டே தேவையில்லை. இதைவிடக் குறைந்த விலைக் கார்டிலேயே அவை நன்றாக ஓடும்.

நிறுவனங்கள் என்ன சொல்கின்றன?

2025 மே மாதம் இந்த விவாதம் சூடுபிடித்தபோது, ஏஎம்டி-யின் ஃபிராங்க் அசோர் எக்ஸ் தளத்தில் பதில் சொன்னார். பெரும்பாலான கேமர்கள் இன்னும் 1080பி-யில்தான் ஆடுகிறார்கள், அவர்களுக்கு 8 ஜிபிக்கு மேல் தேவையில்லை, வேண்டுபவர்களுக்கு 16 ஜிபி இருக்கிறது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அதில் பாதி உண்மை. ஸ்டீம் தளத்தின் கணக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் 1080பி திரையில்தான் ஆடுகிறார்கள். ஆனால் புதிய கேம்களில் சிலவற்றுக்கு 1080பி-யிலேயே 8 ஜிபி பற்றவில்லை என்பதும் உண்மை.

என்விடியா பக்கம் கதை வேறு. 5060 டிஐ வெளியானபோது விமர்சகர்களின் கைக்கு முன்கூட்டியே போனது 16 ஜிபி மாடல்தான். 8 ஜிபி கார்டைப் பலரும் கடையில் காசு கொடுத்து வாங்கித்தான் சோதித்தார்கள். முதல் நாள் வந்த பாராட்டு வீடியோக்கள் எல்லாம் 16 ஜிபி பற்றியவையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒரே பெயரில் இரண்டு கார்டு விற்பது புதிதும் இல்லை. 2016-ல் ஜிடிஎக்ஸ் 1060 கார்டு 3 ஜிபி, 6 ஜிபி என்று வந்தது. அதில் மெமரி மட்டும் குறையவில்லை. உள்ளே இருக்கும் கோர்களும் 1,280-க்குப் பதில் 1,152 தான். சில வருஷத்தில் 3 ஜிபி வாங்கியவர்கள் புதிய கேம்களில் திணறினார்கள். 6 ஜிபி வாங்கியவர்கள் ரொம்ப நாள் தாக்குப் பிடித்தார்கள். 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080-ஐ 12 ஜிபி, 16 ஜிபி என அறிவித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. ஒரே பெயர் குழப்பம் தருகிறது என்று என்விடியாவே ஒப்புக்கொண்டு 12 ஜிபி கார்டை வாபஸ் வாங்கியது. அது பணக்காரக் கார்டு. நடுத்தர விலைக் கார்டுகளில் அதே குழப்பம் இன்றும் தொடர்கிறது.

பழைய மதர்போர்டா? இதைக் கவனிங்க

ஏற்கெனவே இருக்கும் கம்ப்யூட்டரில் கார்டை மட்டும் மாற்றுபவர்களுக்கு இன்னொரு விஷயம். மதர்போர்டுடன் பேசும் வழியில் 5060 டிஐ 8 லேன்களும், 9060 எக்ஸ்டி 16 லேன்களும் பயன்படுத்துகின்றன. ரோடு அகலம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய போர்டுகளில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டில், மெமரி நிரம்பி ரேமுக்கு ஓட வேண்டி வரும்போது குறுகிய ரோடு வினையாகும். பழைய போர்டு, 8 ஜிபி, 5060 டிஐ - மூன்றும் ஒன்றாகச் சேர்வதைத் தவிர்ப்பது நல்லது.

என்விடியா எப்போது சரி?

கார்டு கேமுக்கு மட்டும்தானா என்று முதலில் யோசியுங்கள். பிளெண்டரில் 3டி கற்றுக்கொள்பவர், வீட்டிலேயே ஏஐ மாடல்களை ஓட்டிப் பார்ப்பவர் என்றால் கணக்கு மாறும். பல மென்பொருட்கள் என்விடியாவின் கூடா தொழில்நுட்பத்தை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. கல்யாண வீடியோ எடிட் செய்து சம்பாதிப்பவரும், தான் பயன்படுத்தும் மென்பொருள் எந்தக் கார்டில் நன்றாக ஓடுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். வேலைக்கு உதவும் என்றால், கூடுதல் பணம் கொடுத்து 5060 டிஐ 16 ஜிபி எடுப்பதில் தப்பில்லை.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

5060 டிஐ 16 ஜிபி 180 வாட், 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட். தினமும் 4 மணி நேரம் ஆடினால், இரண்டு மாத பில்லில் இந்த 20 வாட் வித்தியாசம் 5 யூனிட்கூட வராது. அதனால் கரண்டுக்காக ஒரு கார்டை ஒதுக்க வேண்டாம்.

ஆனால் மொத்த கம்ப்யூட்டரும் கேம் ஆடும்போது 300 வாட் இழுக்கிறது என்று வைத்தால், 60 நாளில் 72 யூனிட். வீட்டு இணைப்பில் 500 யூனிட் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் குடும்பங்களுக்கு இது முக்கியம். அந்தக் கோட்டைத் தாண்டினால் முந்தைய யூனிட்களுக்கான சலுகையும் குறைந்து, பில் ஒரேயடியாக ஏறும்.

பவர் சப்ளையையும் பாருங்கள். 5060 டிஐ-க்கு 600 வாட், 9060 எக்ஸ்டி-க்கு குறைந்தது 450 வாட் என்று நிறுவனங்கள் பரிந்துரைக்கின்றன. அடிக்கடி கரண்ட் போகும் இடம் என்றால் 600 விஏ யுபிஎஸ் நம்ப முடியாது. அது தருவது சுமார் 360 வாட்தான். 1 கேவிஏ இருந்தால் கேமை சேவ் செய்து மூட நேரம் கிடைக்கும்.

தறி ஓடும் வீடுகளுக்கு ஒரு ஸ்பெஷல் எச்சரிக்கை: பஞ்சுத் தூசி. கார்டின் ஃபேனிலும் உள்ளே இருக்கும் தகடுகளிலும் அடைந்தால், கார்டு சூடாகி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆண்டிபட்டி வெயிலில் கேட்கவே வேண்டாம். மாதம் ஒருமுறை கரண்டை அணைத்துவிட்டு சுத்தம் செய்யுங்கள்.

விலை குறையும் வரை காத்திருக்கலாமா?

2025 கடைசியில் இருந்து மெமரி சிப் விலை வேகமாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொள்வதுதான் காரணம். மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு விற்கும் க்ரூஷியல் பிராண்ட் ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தை 2026 பிப்ரவரியோடு முடித்துக்கொள்வதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. மெமரி விலை ஏறினால், அதிக மெமரி உள்ள கார்டுக்குத்தான் அடி அதிகம். கையில் பணம் இருந்து, தேவையும் இருந்தால், ஆஃபருக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது லாபம் தரும் என்று சொல்ல முடியாது.

ஜிடிஏ 6-க்காக வாங்குகிறேன் என்பவர்கள் மட்டும் நிதானியுங்கள். 2025 நவம்பரில் ராக்ஸ்டார் அறிவித்த தேதி, ப்ளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கானது. பிசி-க்கு அதில் தேதி இல்லை.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

* தலைப்பில் பெயரை மட்டும் படிக்காமல், 8ஜி-யா 16ஜி-யா என்று பெட்டியில் பாருங்கள்.
* ஜிஎஸ்டி பில் கட்டாயம். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் கார்டில் உள்ளதும் ஒன்றா என்று சரிபாருங்கள்.
* வாரன்டி எத்தனை வருஷம், சர்வீஸ் சென்டர் மதுரையிலா சென்னையிலா, கூரியர் செலவு யாருடையது என்று முன்பே கேளுங்கள்.
* ஆன்லைனில் வாங்கினால், பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.

அப்போ எதை வாங்கலாம்?

கேம் மட்டும்தான், பட்ஜெட் இறுக்கம் என்றால் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. எடிட்டிங், 3டி, ஏஐ வேலையும் உண்டு, கூடுதல் பணமும் உண்டு என்றால் 5060 டிஐ 16 ஜிபி. வாங்கும் நாளில் இரண்டு 16 ஜிபி கார்டுகளுக்கும் விலை வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் வந்துவிட்டால், யோசிக்காமல் 5060 டிஐ எடுக்கலாம். 5060 டிஐ 8 ஜிபி-யை மட்டும் எடுக்காதீர்கள்.

தம்பியிடம் இதையெல்லாம் ஸ்பீக்கர் போனில் சொல்லி முடித்தேன். எஃப்பிஎஸ், ரே டிரேசிங் எதுவும் கேட்காமல் சித்தி ஒன்றே ஒன்று கேட்டார்: "இது எத்தனை வருஷத்துக்கு வரும்மா?"

16 ஜிபி எடுத்தால் படிப்பு முடியும் வரை மாற்ற வேண்டி வராது என்றேன். "அப்ப அதையே எடுக்கச் சொல்லு" என்றார். தம்பி பழைய லிங்க்கை அழித்துவிட்டு புது லிங்க் அனுப்பினான். பெயருக்குப் பக்கத்தில் 16 ஜிபி என்று இருந்தது. இந்த முறை அவனே அதை வட்டம் போட்டுக் காட்டியிருந்தான்.