வாரத்துக்கு எத்தனை பந்து?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. மார்ச் க்ளோசிங் முடிந்தால் பேங்க்காரனுக்கு ஓய்வு என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு ஆடிட் என்று ஒன்று வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது. சரி, ஆணிகள் ஒருபக்கம் இருக்கட்டும். இதை எழுதலாமா வேண்டாமா என்று எனக்கே ஒரு தயக்கம். தப்பில் பாதி என்னுடையது, அதான்.

காக்ஸ் டவுனுக்கு மாற்றலாகி வந்து இது ஐந்தாவது வருஷம். கன்டோன்மென்ட் பக்கம் என்பதால் தமிழுக்குப் பஞ்சமில்லை. காய்கறி வாங்க, இஸ்திரி போட, ஆட்டோ பிடிக்க எல்லாம் தமிழிலேயே ஓட்டிவிடலாம். ஆனால் பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இந்தியும் தகராறு. முதல் வருஷம் முழுக்க மதிய சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட்டான் என்று தங்கமணி பின்னால் கண்டுபிடித்துச் சொன்னாள். அப்புறம் ஒருநாள் பி.டி. பீரியடில் பந்தைக் கொடுத்திருக்கிறார்கள். இவன் ஓடி வந்து போட்டதில் ஒரு ஸ்டம்ப் பின்னால் போய் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து இவனுக்கு ஃப்ரெண்ட்ஸுக்குக் குறைவே இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊரை விட்டு வந்த குடும்பத்தில் பிள்ளைக்கு கிரவுண்டுதான் அத்தை வீடு, மாமா வீடு எல்லாம். அங்கே கிடைத்த இடத்தை அவன் லேசில் விடமாட்டான். முதுகு வலித்தாலும் விடமாட்டான். விடவில்லை.

போன வருஷம் ஏப்ரலில் சம்மர் கேம்ப். பையனுக்கு 14 வயசு. வாரத்தில் ஆறு நாள் காலையில் நெட்ஸ். சாயங்காலம் ஸ்கூல் டீமுக்கு ப்ராக்டிஸ். ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட், ஒரே நாளில் இரண்டு மேட்ச். "நல்ல பேஸ் இருக்கு சார், விடாதீங்க" என்றார் கோச். அதைக் கேட்டு நான் புல்லரித்துப்போய், இவன் போட்ட யார்க்கரை வீடியோ எடுத்து பாளையங்கோட்டை வரை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். மே மாதம் நடுவில் ஒருநாள் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவனால் நிமிர முடியவில்லை. கோச்சுக்கு போன் செய்தால், "ஏனூ ஆகல்லா சார்" (ஒண்ணும் ஆகாது), இரண்டு நாள் ஸ்ப்ரே அடிக்கச் சொன்னார்.

டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார். முதுகெலும்பின் அடிப்பகுதியில் இடது பக்கம் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரின் ஆரம்பம். வலது கை பவுலர்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கம்தான் வருமாம். முன்னங்கால் தரையில் அறையும் அதே நொடியில் இடுப்பு வளைந்து, திரும்பி, பின்னுக்குச் சாய்கிறது. உடல் எடையைப் போலப் பல மடங்கு அடி அந்தச் சின்ன எலும்பில் இறங்குகிறது. பதினான்கு வயசு எலும்பு இன்னும் கெட்டிப்பட்டு முடியாத எலும்பு. எல்லாம் விளக்கிவிட்டு டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்.

"வாரத்துக்கு எத்தனை பந்து போடறான்?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் கிளையின் வாராக்கடன் விகிதத்தை இரண்டு தசமம் வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். காலை நெட்ஸில் சுமார் 8 ஓவர், ஆறு நாளைக்கு 288 பந்து. ஸ்கூலில் மூன்று நாள், நாளைக்கு 30 வீதம் 90. ஞாயிறு இரண்டு மேட்சில் நாலு நாலு ஓவர், 48. ஆக 426. வைடு, நோ பால், தெருவில் போடும் டென்னிஸ் பந்து எதுவும் இதில் சேர்த்தியில்லை. (வைடுக்கு ஸ்கோர்புக்கில் பந்துக்கணக்கு கிடையாது. முதுகுக்கு உண்டு.)

ஒரு ஒப்பீடு. 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் பும்ரா ஐந்து டெஸ்ட்டில் 151.2 ஓவர் போட்டார், 32 விக்கெட். கடைசியில் சிட்னியில் முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார், அடுத்து வந்த சாம்பியன்ஸ் டிராபியிலும் இல்லை. அது 908 பந்து, ஆறு வாரத்தில். வாரத்துக்கு 150 சொச்சம். நெட்ஸ் இதில் வராது, ஒத்துக்கொள்கிறேன். அவர் போடுவது டெஸ்ட் மேட்ச் என்பதும் தெரியும். இருந்தாலும் 426 என்று எழுதின காகிதத்தைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மச்சினன் நியூஜெர்சியில் இருக்கிறான். அவன் பையனுக்கு 12 வயசு, அங்கே லிட்டில் லீக் பேஸ்பால் ஆடுகிறான், பிட்சர். விஷயத்தைச் சொன்னதும், "என்ன அத்தான், அங்க எண்ண மாட்டாங்களா?" என்று அப்பாவியாகக் கேட்டான். அங்கே 2007லிருந்து பந்தை எண்ணுவதுதான் விதி. அதற்கு முன்னால் இன்னிங்ஸ் கணக்கு. 11, 12 வயசுப் பையன் ஒரு நாளில் 85க்கு மேல் எறியக் கூடாது. 66ஐத் தொட்டுவிட்டாலே அடுத்த நாலு நாள் பிட்ச் செய்ய முடியாது. இதற்கென்றே ஒருவர் பேப்பர் வைத்துக்கொண்டு எண்ணுகிறார். கோச்சுக்குக் கருணை இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. 85 ஆனால் பையன் வெளியே வரவேண்டியதுதான்.

அவர்கள் ஞானிகள் என்று சொல்ல வரவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அங்கே போவது முழங்கை. டாமி ஜான் என்ற பிட்சருக்கு 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முழங்கைத் தசைநாரை மாற்றி வைத்தார். பெரிய ஆட்டக்காரர்களுக்காக வந்த அந்த அறுவை சிகிச்சைக்குப் பிற்காலத்தில் பள்ளிப் பையன்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். ஜப்பானில் இன்னும் தாமதம். 1998 கோஷியென் பள்ளிப் போட்டியில் மட்சுசாகா ஒரே ஆட்டத்தில், 17 இன்னிங்ஸில், 250 பந்து எறிந்தார். நாடே கண்ணீர் மல்கக் கொண்டாடியது. வாரத்துக்கு 500 பந்துதான் என்று அங்கே வரம்பு வந்தது 2020இல்.

கிரிக்கெட்டுக்கு இப்படி எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. இங்கிலாந்து வாரியம் வேகப்பந்து வீசும் சிறுவர்களுக்கு என்று பல வருஷம் வைத்திருந்த அட்டவணை ஒன்று உண்டு. 13 வயசு வரை ஒரு ஸ்பெல்லுக்கு 5 ஓவர், நாளைக்கு 10. 14, 15 வயசுக்கு 6 ஓவர், நாளைக்கு 12. நெட்ஸுக்கும் அளவு உண்டு. என் பையன் வயசுக்கு ஒரு தடவைக்கு 36 பந்து, வாரத்துக்கு இரண்டு தடவை. அதாவது 72. நம்ம வீட்டில் நெட்ஸ் மட்டும் 378!

இங்கே 20 ஓவர் மேட்சில் ஒருத்தனுக்கு நாலு ஓவர்தான் என்று கோச் சொல்வார். அது ஆட்டத்துக்கு வைத்த வரம்பு, பையனுக்கு வைத்தது இல்லை. நாற்பது வயசு ஆளுக்கும் அதே நாலுதான். இன்னொரு வேடிக்கை. 16 வயசுக்கு உட்பட்டோர் போட்டிக்குப் பையன்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கிறார்கள், எலும்பை வைத்து வயசைக் கண்டுபிடிக்க. வயசில் பொய் இருக்கிறதா என்று பார்க்க எலும்பு வேண்டும். அந்த எலும்பு எத்தனை பந்து தாங்கும் என்ற பேச்சு, நான் உட்கார்ந்திருந்த எந்த மைதானத்திலும் என் காதில் விழவில்லை.

"கபில் தேவ் எண்ணினாரா?" இது எங்க அப்பா. போனில். நியாயமான கேள்விதான். 131 டெஸ்ட், காயத்துக்காக ஒன்றைக்கூட விடாத மனுஷன். ஆனால் அப்பா, கபில் ஒருத்தர்தானே? முதுகு போய் பி.காம். சேர்ந்த பையன்களின் பெயர் யாருக்குத் தெரியும்? தெரிந்த பெயர்களையே எடுத்துக்கொள்ளலாம். 2004 பாகிஸ்தான் தொடரில் சிரித்துக்கொண்டே நம்மைச் சிரிக்க வைத்த நம்ம சென்னை பாலாஜி, அடுத்த வருஷமே முதுகால் முடங்கினார். 2018 ஜூனியர் உலகக்கோப்பையில் கலக்கிய நாகர்கோட்டி, ஷிவம் மாவி இருவருக்கும் முதுகு. கம்மின்ஸ் 18 வயசில் 2011 நவம்பரில் முதல் டெஸ்ட் ஆடினார். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். அவ்வளவு டாக்டர்கள் சூழ இருந்தும் அத்தனை வருஷம். சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷனில் 1987லிருந்து நம்ம பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த டென்னிஸ் லில்லியே 1973இல் முதுகெலும்பு விரிசலோடு படுத்தவர்தான்.

2025இல் இங்கிலாந்தில் பும்ரா ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் ஆடினார், முன்னாலேயே முடிவு செய்து. அதற்கு எத்தனை கிண்டல்! நானும் ஆபீஸ் கேன்டீனில் இரண்டு வார்த்தை சொன்னவன்தான். இப்போது யோசித்தால், அவருக்கு எண்ணிச் சொல்ல ஆள் இருக்கிறது.

அதற்காகப் பந்தே போடாதே என்று பொத்தி வைப்பதும் தப்பாம். ரொம்பக் குறைத்தாலும் எலும்பு பழகாது. இரண்டு மாதம் பரீட்சைக்குப் படித்துவிட்டு, ஏப்ரல் ஒன்றாம் தேதி திடீரென்று நாளைக்கு எட்டு ஓவர் போடுவதுதான் பெரிய வில்லங்கம். நம்ம சம்மர் கேம்ப் எல்லாமே அப்படித்தானே நடக்கிறது?

என் கட்சி என்னவென்றால், கோச்சைத் திட்டிப் பிரயோஜனமில்லை. கேம்ப் கோச்சுக்கு அவர் நெட்ஸில் போட்ட 48 தெரியும். ஸ்கூல் சாருக்கு அவர் 30 தெரியும். ஞாயிற்றுக்கிழமை கேப்டனுக்கு நாலு ஓவர் தெரியும். மூன்றையும் கூட்டினவர் யாருமில்லை. பேங்க்கில் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்தது. ஒரே ஆள் நாலு பேங்க்கில் கடன் வாங்குவான். ஒவ்வொரு பேங்க்கும் தன் கடனை மட்டும் பார்த்து, "நல்ல பார்ட்டி" என்று எழுதி வைக்கும். சிபில் வந்த பிறகுதான் கணக்கு ஆளின் பேரில் வந்தது. பந்துக்கணக்கும் டீம் பேரில் இருந்தால் உபயோகமில்லை, பையன் பேரில் இருக்கவேண்டும். நியூஜெர்சியிலும் இந்த ஓட்டை இருக்கிறதாம். லீக்கில் 85 எறிந்துவிட்டு, அதே வாரம் வேறு டீமுக்கு எறிய வைக்கும் அப்பாக்கள் அங்கேயும் உண்டு என்றான் மச்சினன்.

மூன்று இடத்துக்கும் போகிற ஒரே ஆள் பையனும், அவனைக் கொண்டு விடும் நாமும்தான். அதனால் கூட்டல் நம்ம வேலை. ஃபீஸ் கட்டும்போது கேட்க எத்தனையோ இருக்கிறது, பேட்டிங் மெஷின் இருக்கா, டர்ஃப் விக்கெட்டா என்று. "ஒரு நாளைக்கு எத்தனை பந்து போட விடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எண் சொன்னால் சேருங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றால் வண்டியைத் திருப்புங்கள். சிங்கப்பூர், துபாய், லண்டன் என்று இருக்கும் நண்பர்களே, உங்க ஊரில் எப்படி என்று எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

பையன் நாலு மாதம் பந்தைத் தொடவில்லை. அந்த நாலு மாதம் வீட்டில் எப்படி இருந்தது என்று எழுதினால் தனிப் பதிவாகிவிடும், விட்டுவிடுகிறேன். அப்புறம் பிசியோ 12 பந்தில் ஆரம்பித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மெல்ல ஏற்றினார். ஃப்ரிட்ஜ் மேல் ஒரு பழைய கோடு போட்ட நோட்டு. தேதி, இடம், பந்து, வாரக் கூட்டல். ராத்திரி சாப்பிட்டதும் அவனே எழுதவேண்டும், டே எண்ட் மாதிரி. முதலில் முறைத்தான். இப்போது எழுதுகிறான், முறைத்துக்கொண்டே :-)

போன ஞாயிறு மறுபடியும் இரண்டு மேட்ச். முதல் மேட்சில் நாலு ஓவர் போட்டான். இரண்டாவதில் பந்து கொடுக்க வேண்டாம் என்று முன்னாலேயே கோச்சிடம் சொல்லியிருந்தேன். அவருக்கு முகம் சரியில்லை. பையன் மிட் ஆனில் நின்றான், கடைசி ஓவரில் அவன் டீம் தோற்றது. வீலர் ரோடு சிக்னல் வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டில் மட்டும் எழுதிவிட்டுப் படுத்தான்: 26. வைடு இரண்டையும் சேர்த்து.